எந்த வீட்டுக்காரர்?

என் அக்காவுக்குச் 'சரி' என்பதைத் தவிர வேறு வார்த்தையே தெரியாது என்று அவளைப் பல தடவை திட்டியிருக்கிறேன். அவள் வீட்டில் செய்து விற்கும் கேக்கில் சிவப்புப் பூ போடச் சொன்ன வாடிக்கைக்காரி மறுநாள் வந்து, மஞ்சள்தானே கேட்டேன் என்று சாதிப்பாள். அக்கா 'சரி' என்று சொல்லிவிட்டுச் சிவப்பை வழித்தெடுப்பாள். தெருவில் அவளுக்குக் கேக்கக்கா என்றே பேர். கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அத்தான் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். நான் மருந்துக்கடையில் காலை வேலை முடிந்து மதியம் வந்து சேருவேன். எனக்கு வாய் நீளம். அக்காவுக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்துவிடுவதாக அத்தான் சொல்வார்.

எங்கள் அடுப்படியில் பாதியை ஓவன் அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் முக்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போய்ப் பேசக்கூடாது. வாசனையை வைத்தே வெந்துவிட்டதா என்று சொல்வாள். பிறந்தநாள் கேக் எல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தினமும் ஒரு தட்டு கேக் நிச்சயமாகப் போவது ஒரு அலுவலகக் கேன்டீனுக்குத்தான். அந்தத் தட்டு போகிறவரைக்கும் எங்கள் வீடு ஓடும்.

மேல் வீட்டில் இருக்கும் ஓனர் மொட்டை மாடி பூராவும் சோலார் தகடு போட்டார். நல்ல காரியம்தான், வெயில் சும்மாதானே கிடக்கிறது. ஆனால் அதோடு ஒரு பெட்டியும் வந்தது. ஓனரைப் பார்த்தே இராத ஒரு கம்பெனிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுப்படிக்குள் வந்து, சுவருக்குச் சுவர் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

"ஓவன், ஹீட்டர் ரெண்டும் இது வழியாத்தான் ஓடும் மேடம். எப்ப கரண்ட் மிச்சம் பண்ணணும்னு வீடே யோசிச்சுக்கும்."

"வீடு யோசிச்சா நாங்க என்ன பண்றது? சுவர்ல போய் ஒட்டிக்கிறதா?" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்தார். நான் ஓட்டை போடுகிற இடத்தைப் பற்றி அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் அக்காவிடம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க. அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். ஏற்கிறேன்னு அழுத்தினாப் போதும்," என்றார்.

அக்கா நம்பரைச் சொன்னாள்.

"இப்ப வீட்ல இருக்காரா?"

"மேலதான் சார் இருக்கார்."

எல்லாம் கெட்டது இந்த இடத்தில்தான். அவர் கேட்டது அத்தானை. அக்கா சொன்னது ஓனரை. அக்கா ஒரு நாளும் அத்தானை வீட்டுக்காரர் என்று சொன்னதில்லை. 'அவர்' என்பாள், அவ்வளவுதான். அவள் வாயில் வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குகிறவர். மேலே ஒரு போன் கிணுகிணுத்தது. ஓனர் எதையும் படிக்காமல் ஏற்கிறேன் என்று அழுத்தினார். எங்கள் வீட்டின் கடிவாளம் மாடிக்குப் போய்விட்டது, எங்களுக்குத் தெரியாமலே.

அதற்குப் பிறகு கேக் அமுங்க ஆரம்பித்தது. ஓரம் எழும்பியிருக்கும், நடுவில் குழி விழுந்திருக்கும். அக்கா மாவை மாற்றினாள், முட்டை வாங்கும் கடையை மாற்றினாள். ஓவன் நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது என்று நான் சொன்னேன். வீடு யோசிக்கிறது போலிருக்கிறது என்றாள், கிண்டலாக இல்லை, நிஜமாகவே. கேன்டீன்காரர் ஒரு தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அக்கா அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் கை விட்டுப்போச்சுடி," என்றாள்.

இந்தக் கையை நம்பித்தான் இந்த வீடு நிற்கிறது.

ஒரு சாயங்காலம் படிக்கட்டில் ஓனர் அக்காவை நிறுத்தினார். நான் பின்னால் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன்.

"மதியம் உங்க வீட்ல ரெண்டு தடவை ஹீட்டர் ஓடியிருக்கே. அவர்தான் ஊர்ல இல்லையே, குளிச்சது யாரு?"

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளித்தது நான். மருந்துக்கடை வியர்வையோடு வந்து நான் ஒரு தடவை குளித்தேன், பாத்திரம் கழுவ அக்கா ஒரு தடவை வெந்நீர் பிடித்தாள். அதுவா இப்போது விஷயம்? எங்கள் குளியலறைக்குள் நடப்பது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

பையைப் படியிலேயே போட்டுவிட்டு அவர் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். அதில் எங்கள் அடுப்படி இருந்தது, குளியலறை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான்.

"ஓவனை நிறுத்தினது நீங்களா?"

"கரண்ட் வீணாப் போகுதேன்னு அப்பப்ப நிறுத்தி வெச்சேன். மிச்சமானா வெளி லைனுக்கு வித்துக் காசாக்கலாம். என் மாடி வெயில்தானேம்மா?"

கொஞ்சமும் கூச்சமில்லை. அணைத்துவிட்டு அணைத்துவிட்டு, எங்கள் வாயிலிருந்து பிடுங்கியதை மிச்சம் என்கிறார். நான் அங்கேயே கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நம்பரை மாத்தணும் சார்."

"அதுக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேணும் மேடம்."

"எந்த வீட்டுக்காரர்?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? உங்க அக்காவோட வீட்டுக்காரர்தான். மேல இருக்கார்னு அவங்கதானே சொன்னாங்க. கணவர்னு போட்டு, அவரும் ஏற்கிறேன்னு அழுத்தியிருக்காரே!"

படிக்கட்டு முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. மேல் படியில் ஓனரின் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"யாருக்குக் கணவர்?" என்றாள்.

"அட, அது கம்பெனிக்காரன் தப்பு—"

"ஏற்கிறேன்னு அழுத்தினது யாரு தப்பு? கீழ் வீட்டுப் பொம்பளை எப்ப குளிக்கிறான்னு பார்க்கத்தான் போனும் கையுமா உக்காந்திருந்தீங்களா?"

நான் என் வாழ்க்கையில் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அந்தம்மாவே பேசினாள்.

மறுநாள் காலை நான் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கம்பெனிக்காரர் நம்பரை மாற்ற அதே சிரிப்போடு வந்தார். அன்றைக்கும் கேன்டீனுக்குத் தட்டு போக வேண்டும். மாவு கலந்து தயாராக இருந்தது. அத்தானிடம் அக்கா இரவே பேசியிருந்தாள். கழற்றி எறி என்று அவர் சொல்லியிருந்தார். அவர் லாரியிலிருந்து போனில் கத்தினது எனக்கே கேட்டது.

"உங்க நம்பரையே போட்டுட்டேன் மேடம். இனிமே கட்டுப்பாடு உங்க கைல. ஏற்கிறேன்னு ஒரு தடவை அழுத்திடுங்க."

அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"வேண்டாம்னு அழுத்தறது எங்க சார் இருக்கு?"

"அது இல்ல மேடம். ஏற்கிறேன், இல்லேன்னா பிறகு. அப்ப நாளைக்குத் திரும்பக் கேக்கும்."

"வேண்டாம்னு சொல்லவே முடியாதா?"

"யாரும் சொல்றதில்ல மேடம்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். போய் மெயினை அணைத்துவிட்டு வந்து அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"மேடம், பழைய லைன்ல ஓடினா கரண்ட் பில் கூடும்—"

"கூடட்டும். குடுங்க."

என் அக்காவின் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவரே கழற்றினார். அவள் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்க அவருக்குப் பயம். ஓவனைப் பழைய பிளக்கில் சொருகி, மெயினைப் போட்டு, அக்கா தட்டை உள்ளே தள்ளினாள். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுவரில் ஓட்டைகள் அசிங்கமாகத் தெரிந்தன. இருந்துவிட்டுப் போகட்டும்.

கேக் வாசனை வரத் தொடங்கியபோது ஓனர் கீழே இறங்கி வந்தார். போனில் எங்கள் வீடு காணாமல் போயிருக்க வேண்டும். பின்னாலேயே அவர் மனைவியும் வந்தாள்.

"பெட்டியைக் கழட்டிட்டீங்களா? யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

அக்கா ஓவனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரைக் கேட்டுத்தான்," என்றாள்.

ஓனர் வாயைத் திறந்தார். பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எந்த வீட்டுக்காரர் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.