திருச்செந்தூருக்கு மண்டபம் பார்க்கப் போன செல்லப்பாண்டி

வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்லப்பாண்டி குளித்த குளியலைக் கல்யாண மாப்பிள்ளைகூடக் குளிக்க மாட்டான். பம்புசெட்டில் உட்கார்ந்து முதலில் கடலை எண்ணெய், பிறகு சீயக்காய், அதற்கும் மேலே துணி சோப்பு. காதுக்குப் பின்னால் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்தது. அலுமினியப் பவுடர் லேசில் போகாது. மயிர்க்காலிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு மீன் செதில் மாதிரி மினுங்கும். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் யார் என்று சிவகாசிப் பக்கம் விசாரிக்கவே வேண்டாம். வெயிலில் நிறுத்தினால் ஆளே மினுங்குவான்.

அந்த மினுக்கம்தான் இப்போது அவனுக்கு எமன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வள்ளித்தாயின் கண்முன்னால் நடமாட வேண்டும். அவனுக்கு நிச்சயம் செய்த பெண் அவள். தை பிறந்தால் திருச்செந்தூரில் கல்யாணம். அதற்கு மண்டபம் பார்க்க வேண்டும், சமையலுக்கு ஆள் பேச வேண்டும், அப்படியே கடலில் குளித்துச் சாமி கும்பிட்டு வரலாம் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து கிளம்புகிறார்கள்.

வள்ளித்தாயின் அப்பாவும் மருந்து கலக்கினவர்தான். அவள் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் மருந்து கலக்குகிற ரூம் வெடித்தது. ரூமும் இல்லை, அவரும் இல்லை. அப்போதே அவள் அம்மா பொன்னுத்தங்கம் இரண்டு முடிவு எடுத்துவிட்டாள். மகள் கல்யாணம் முருகன் சன்னதியில். மருந்து ரூமுக்குப் போகிறவனுக்கு மகளைக் கொடுப்பதில்லை.

நிச்சயத்தன்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கேட்டாள். "மாப்ளே, நீங்க லோடு ஏத்துங்க, மூட்டை தூக்குங்க, சும்மாகூட இருங்க. அந்த ரூமுக்கு மட்டும் போகமாட்டேன்னு சொல்லுங்க."

"போகமாட்டேன் அத்தை" என்றான் செல்லப்பாண்டி.

அன்றைக்கு அது பொய் இல்லை. பெண் பேசத் தொடங்கியதுமே ரூமை விட்டுவிட்டு, அதே கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். தீபாவளி சீசனில்தான் வந்தது வினை. மருந்து கலக்குகிற ஆள் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டான். போர்மேன் சண்முகவேல் வீட்டுக்கே வந்து நின்றார். "ஒரு வாரம் மட்டும் பாருலே. உன் கை மாதிரி எவன் கையும் வராது." அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. தீபாவளி போய் அடுத்த சீசனுக்கு வேலையும் ஆரம்பித்து, கார்த்திகையும் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் துணைக்கு அவனுடைய அக்கா சுப்புத்தாய் வந்தாள். அவள் புருசன், அத்தான் காளிராஜும் அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன்தான்; அன்றைக்கு லோடு இருந்தது, வரவில்லை. சாத்தூரில் பொன்னுத்தங்கமும் வள்ளித்தாயும் பஸ் ஏறினார்கள். சாப்பாட்டுத் தூக்குச்சட்டி, மாற்றுத்துணி, மடியில் வெற்றிலைப் பை.

பொன்னுத்தங்கம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "லோடு வேலைக்குப் போன பொறவு மாப்ளைக்கு மூஞ்சி தெளிஞ்சிருக்கு, பாத்தீகளா மதினி?"

"தெளியாம என்ன செய்யும், அம்புட்டுச் சோப்பும் அவன் மூஞ்சியிலதான கரைஞ்சு போச்சு" என்றாள் சுப்புத்தாய். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் தம்பியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவன் கோவில்பட்டி தாண்டும்வரை கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டே வந்தான்.

லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு மண்டபம் பார்க்கப் போனார்கள். இரும்புக் கேட். மண்டபக்காரர் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் உள்ளே போயாகிவிட்டது, மாப்பிள்ளை மட்டும் வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான்.

"செருப்போடவே வாங்க தம்பி, இன்னும் கழுவிவிடலை."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

சமையல்காரர் எத்தனை இலை என்று கேட்டார். கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று அக்காவும் பொன்னுத்தங்கமும் மல்லுக்கு நின்றார்கள். கறிச்சோறு இல்லாத கல்யாணம் என்ன கல்யாணம் என்று சுப்புத்தாய் குறைப்பட்டாள். "முருகன் வாசல்ல கறியா? அதை மறுவீட்டுல போட்டுக்கிடுவோம்" என்றாள் பொன்னுத்தங்கம். வள்ளித்தாய் எதிலும் வாய் கொடுக்கவில்லை. அடுக்களை பார்க்கப் போகும்போதும், ஸ்டோர் ரூம் பார்க்கப் போகும்போதும் அவன் பின்னாலேயே வந்தாள். கட்டிக்கப்போகிறவள் பின்னால் வந்தால் எவனுக்கும் சந்தோசம்தானே. அவனுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலில் இறங்கினார்கள். பெரிய அலை ஒன்று வந்து வள்ளித்தாயைப் புரட்டியது. அவள் அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டே சிரித்தாள். "ஏலே, போட்டோவுக்கா நிக்க? பிள்ளையக் கரைக்கு இழு" என்று கரையிலிருந்து அக்கா கத்தினாள். அந்த ஒரு நிமிசம் செல்லப்பாண்டிக்குக் கம்பெனியும் மறந்தது, ரூமும் மறந்தது. இப்படியே தை வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும், தாலி கட்டினபிறகு எப்படியாவது ரூமை விட்டுவிடலாம் என்று நினைத்தான்.

ஈரத்துணியோடு மணலில் உட்கார்ந்தார்கள். பொன்னுத்தங்கமும் சுப்புத்தாயும் தள்ளிப் போனபிறகு வள்ளித்தாய் கேட்டாள்.

"ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீகளா?"

"கேளு."

"உள்ள நுழையும்போது எதுக்கு இரும்புல கைய வச்சு நிக்கீக?"

"எப்ப?" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

"நேத்து லாட்ஜுக் கதவுல. மண்டபத்துக் கேட்ல. ஸ்டோர் ரூம் தாழ்ப்பாள்ல. செருப்பக் கழத்திட்டு, உள்ளங்கைய வச்சிட்டு, ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் உள்ள போறீக."

மருந்து ரூம் வாசலில் செப்புத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். வெறுங்காலோடு நின்று அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் மண்ணுக்கு இறங்க வேண்டும். இறங்காமல் உள்ளே போய் ஒரு பொறி தட்டினால் அவ்வளவுதான், கதை முடிந்தது. நாளுக்கு எத்தனையோ தடவை வைத்து வைத்து, வாசல் என்று கண்டாலே கை தானாகப் போய்விடும். போகிறது என்று கைக்காரனுக்கே தெரியாது.

"அது பழைய பழக்கம் வள்ளி" என்றான்.

"பழக்கம்னா நிச்சயத்துக்கு வந்தப்ப எங்க போச்சு? எங்க அப்பா வாசக் கம்பியில கை வச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு. நீங்க வைக்கிறீகளான்னு பாக்கத்தான் அன்னைக்கு நான் வாசல்லயே நின்னேன். விறுவிறுன்னு உள்ள வந்தீக. அதுக்கப்புறந்தான் அம்மாட்ட சரின்னு சொன்னேன்."

செல்லப்பாண்டி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"தப்புத்தான். நாளையிலருந்து போகமாட்டேன். முருகன் மேல சத்தியமா."

"சத்தியம் வேண்டாம். அங்கன போன் இருக்கு" என்று கையைக் காட்டினாள். சுக்குக்காபிக் கடை வாசலில் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற சிவப்புப் பெட்டி. "எம் முன்னாடி போர்மேன்ட்ட சொல்லுங்க. சொன்னீகன்னா எங்க அம்மாட்ட மூச்சு விடமாட்டேன். தையில தாலி கட்டிக்கிடுவோம்."

இம்புட்டுதானா என்று இருந்தது அவனுக்கு. எழுந்து ஓடினான். ஈரக்கையோடு காசைப் போட்டு நம்பரை அமுக்கினான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னலே புதுமாப்ளே, கடல் தண்ணி இனிக்கோ?" என்றார் சண்முகவேல்.

"அண்ணாச்சி, நாளையிலருந்து மருந்து ரூமுக்கு நான் வரலை. லோடுக்கே போயிக்கிடுதேன்."

சண்முகவேல் சாவகாசமாகப் பேசினார். "சரிலே. வரமாட்டேங்கிறவனக் கட்டியா இழுக்க முடியும்? உங்க அத்தான் காளிராஜும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். நாளைக்கு அவன உள்ள விட்டுருதேன்."

காளிராஜ் நல்ல மனுசன்தான். ஆனால் அவனுக்கு எதிலும் அவசரம். பெட்டியை லாரியில் வைக்கமாட்டான், எறிவான். வேட்டி மடிப்பில் பீடியும் தீப்பெட்டியும் இருப்பதே அவனுக்கு நினைவிருக்காது. தகட்டில் கையை வை என்றால் இன்றைக்கு வைப்பான், நாளைக்கு வைப்பான், அதற்கு மறுநாள் மறந்துவிடுவான். மருந்து ரூமில் கூலி கூட என்றதும் சுப்புத்தாயும்தான் பறக்கிறாள். நீ விட்டால் அந்த இடத்துக்கு அத்தான் பேரைச் சொல்லு என்று எத்தனை தடவை நச்சரித்திருக்கிறாள்.

"அவரு வேண்டாம் அண்ணாச்சி, வேற ஆளப் பாருங்க."

"வேற ஆளு மரத்துல காய்க்கானா? ஆர்டர் நிக்குது. நீ வாறியா, அவன விடவா? காசு விழுந்திருச்சுன்னா கட்டாயிரும், சட்டுன்னு சொல்லு."

தூரத்தில் சுப்புத்தாய் குனிந்து குனிந்து, வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்காகச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வள்ளித்தாய், முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான விட்டுறாதீக அண்ணாச்சி. நாளைக்கு நானே வாரேன்."

போனை வைத்துவிட்டுக் காளிராஜைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினான். உளறினான் என்றே சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் பொறு, நான் வேற ஆளப் பழக்கிவிட்டுட்டு வந்துருதேன், காலைக்கூடப் பிடிக்கேன் என்றான். காபிக்கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வள்ளித்தாய் கடைசிவரை கேட்டாள். கோபப்படவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"உங்க அக்காளுக்குத் தாலி நிக்கணும். சரிதான். எனக்கும் நிக்கணும்ல?"

சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு அம்மாவைப் பார்க்க நடந்தாள். மணலில் அவர்கள் இரண்டு பேரும் நின்று பேசுவதை அவன் பார்த்தான். பொன்னுத்தங்கம் சட்டென்று உட்கார்ந்தாள். பிறகு மகள் தோளைப் பிடித்து எழுந்து, நேராக அவனிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். நேற்றுவரை மாப்ளே என்று கூப்பிட்ட வாய். "மண்டபக்காரருகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நாங்க முன்னால போறோம்."

அத்தை, அத்தை என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போனான். செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. பஸ் கிளம்பினபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினான். வள்ளித்தாய் மடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அதட்டினபிறகுதான் கையை எடுத்தான்.

அடுத்த பஸ்ஸில் அக்காவும் தம்பியும் ஏறினார்கள். நடந்ததைப் பாதிதான் சொன்னான். ரூமுக்குப் போவது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றான். சுப்புத்தாய் முதலில் அழுதாள். பிறகு அவளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"வேலைய விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பிள்ளைய நிறுத்தியிருக்கக் கூடாதாலே? அந்த இடத்துக்கு அத்தான் போயிருப்பாரே. உனக்கும் கல்யாணம் நடந்திருக்கும், எம் பிள்ளைகளும் நாலு நல்லது திங்கும். எல்லாத்தையும் கெடுத்திட்டு உக்காந்திருக்க."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"வாயத் திறலே. அந்தக் கூலிய நீ மட்டுந்தான் திங்கணுமோ?"

"ஆமாக்கா" என்றான் செல்லப்பாண்டி. "நான் மட்டுந்தான் திங்கணும்."