பாலூட்டிப் பாடமும் என் நாத்தனாரும்

இன்று மத்தியானம் கொல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் சேகர், வங்காளி மருமகள் மௌஷுமி, பேத்தி துலி, எங்களைப் பார்க்க வந்த என் நாத்தனார் விசாலம்.

துலிக்கு நாளை பரீட்சை. "பாலூட்டின்னா உடம்புல ரோமம் இருக்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும்" என்று என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

விசாலம் சந்தேஷ் மிட்டாயை மென்றுகொண்டே சொன்னாள்: "உன் பாட்டி அதுல சேர்த்தி இல்லடி. உங்கப்பன் டப்பாப் பால் குடிச்சு வளர்ந்தவன்."

சேகர் சிரித்தான். துலி என்னையே பார்த்தாள்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்து அலுத்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பால் இருந்தது. சீம்பால் ஆகாது, பீச்சிக் கொட்டுன்னு சொல்லி, மூணு நாள் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தது இந்த அத்தைப்பாட்டிதான். அதுக்கப்புறம் அவன் என் மார்ல வாயே வைக்கல."

"அப்போ எல்லாரும் அப்படித்தானே அண்ணி செஞ்சாங்க" என்றாள் விசாலம்.

மௌஷுமி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். சேகர் தலைகுனிந்துகொண்டான்.

துலி யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மாடிப்படிக்கு அடியில பூனை குட்டி போட்ட உடனே பால் கொடுத்துதே பாட்டி. அதை யாரும் தடுக்கலையே?"

"பூனைக்கு நாத்தனார் கிடையாது கண்ணு" என்றேன்.

மற்ற பாலூட்டிகளுக்கும் நமக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். வேறு இருந்தால் படித்தவர்கள் கீழே எழுதுங்கள்.

சிரித்ததற்குச் சேகரை மன்னித்துவிட்டேன். விசாலத்தை மாட்டேன்.