சுசித்ராவும் மஞ்சள் ஒயரும்

சுசித்ரா மறுபடியும் மேஜைக்கடியில் போய்விட்டாள். வெளியே தெரிவது செருப்பைக் கழற்றிவிட்ட இரண்டு பாதங்கள்தான். குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. "யாருங்க இது மேல நாற்காலியப் போட்டது? சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது. இது ஒயரு இல்லைங்க, கண்ணாடி! உள்ள கண்ணாடி ஓடுது!"

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர், கேமரா, அவற்றை இணைக்கும் கேபிள் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் பொறுப்பு. காலையில் தளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு சிவப்பு லைட் பேனாவும் இருக்கும். கேபிளின் முனையில் அதைச் செருகினால், எங்கே அளவுக்கு மீறி மடிந்திருக்கிறதோ அங்கே மஞ்சள் உறையைத் தாண்டிச் சிவப்பாகக் கசியும். அந்த இடத்தைக் கண்டதும் பிள்ளைக்கு அடிபட்டது போல "ச்சு ச்சு" என்பாள். அடுத்த நிமிஷமே அடித்தவரைத் தேடிக் கிளம்பிவிடுவாள்.

எது மடிந்திருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. பஸ்ஸில் யாராவது சார்ஜர் ஒயரை போனைச் சுற்றி இறுக்கினால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் வாங்கிப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். வீட்டில் கணவன் மாதேஷ் பெல்ட்டைக்கூட அவளுக்குப் பயந்து தளர்வாகத்தான் சுருட்டி வைக்கிறான்.

இப்படிப்பட்டவளின் உயிரை வாங்குவதற்கென்றே தொழிற்சாலையில் இரண்டு பேர். ஒருவர் எலக்ட்ரீஷியன் திம்மப்பன். பேனல் ஒயரிங்கில் பழகிய கை. செம்புக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தி, மூலைமட்டம் வைத்தாற்போலத் திருப்பி, வரிசையாகக் கட்டுவார். பார்க்க அழகுதான், யார் இல்லை என்றார்கள்? அதே அழகைக் கண்ணாடி இழைக்கும் செய்தால் என்ன ஆகும்?

"வளைவா உட்டா தொங்கற மாதிரி இருக்குதுங்க மேடம். நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு பாக்கறதுக்கு இல்லண்ணா, உள்ள வெளிச்சம் போறதுக்கு!"

"ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று கன்னடத்தில் தலையாட்டுவார். மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னொரு மூலை மடங்கியிருக்கும்.

இன்னொருவர் பர்ச்சேஸ் விமல்ராஜ். அவரிடம் போக வேண்டி வந்ததற்குக் காரணம் கடைசி லைனில் பாகங்களைச் சோதிக்கும் கேமரா. அதன் படம் அடிக்கடி அப்படியே நின்றுபோனது. வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்போதும் நின்றால், நெட்வொர்க் வேலை முழுவதையும் பெங்களூர் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் சுசித்ராவுக்கு அங்கே வேலை இல்லை.

மனுஷரைத் திருத்த முடியாது, கேபிளையாவது மாற்றுவோம் என்று அவள் முடிவு செய்தாள். மடிப்பைத் தாங்கும் வகைக் கேபிள்தான் வேண்டும் என்று விமல்ராஜிடம் கேட்டாள்.

"அதுவும் மஞ்சள், இதுவும் மஞ்சள். என்ன மேடம் வித்தியாசம்?"

சாதாரணக் கேபிள் ஒன்று, புதுவகை மாதிரி ஒன்று, இரண்டையும் பென்சிலில் சுற்றி மீட்டரில் காட்டினாள். ஒன்றில் ஒளி பாதிக்குமேல் செத்துப்போனது. மற்றதில் கொஞ்சமும் குறையவில்லை. "புரிஞ்சிடுச்சுங்க" என்றார். அவளும் நம்பினாள், பாவம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தாள். திம்மப்பன் போன் செய்தார். "கேபிளு வந்திருச்சுங்க மேடம். மாட்டிடட்டுங்களா? பூஜைக்கு எல்லாமே பளிச்சுனு இருக்கோணும்."

"மாட்டுங்கண்ணா. இது வளைஞ்சாலும் தாங்கும்" என்றாள் சுசித்ரா. சும்மா இருந்திருக்கலாம்.

பூஜை விடுமுறை முடிந்த முதல் நாளே வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். அவள் எதையும் சரிபார்ப்பதற்குள் மேனேஜர் அவர்களைக் கடைசி லைனுக்கே அழைத்து வந்தார். திரையில் படம் தெளிவாக ஓடியது. பக்கத்தில், கேபிள்கள் வந்து சேரும் இரும்பு ராக், சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாகத் திறந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு கேபிளும் நேர்கோணத்தில் மடிக்கப்பட்டு, கேபிள் டை போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எரிச்சலாக வந்தாலும், புதுக் கேபிள் தாங்கும் என்று விட்டுவிட்டாள்.

பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று மேனேஜர் ராக்கின் கதவைத் தள்ளி மூடினார். படம் நின்றது.

பாய்ந்து போய்க் கதவைத் திறந்தாள். படம் அசையவில்லை. மஞ்சள் உறைமேல் இருந்த பொடி எழுத்தைக் குனிந்து படித்தாள். பழைய, சாதாரண வகை. தலை நிமிர்ந்து, கூட்டத்தோடு வந்திருந்த விமல்ராஜைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"அது ஸ்டாக் இல்லைன்னாங்க மேடம்" என்று கிசுகிசுத்தார். "இதுவும் மஞ்சள்தானேன்னு..."

கத்தியிருப்பாள். அதற்குள் விருந்தாளிகள் திரைப்பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டு, கதவு இடித்து நசுங்கிய மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். படம் ஓடியது. விரலைத் தளர்த்தினாள், நின்றது. மறுபடி தூக்கினாள், ஓடியது. அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படி நீட்டா கட்டியிருக்கறன் பாத்தீங்களா மேடம்?" என்றார் பின்னாலிருந்து திம்மப்பன்.

"கட்டர் எடுத்துட்டு வாங்கண்ணா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஓடுங்க!"

அவர் நடந்துதான் போனார்.

சோதனை முடிந்து, பாகங்கள் ஒவ்வொன்றும் திரையில் சரியாக வந்துபோனதில் மகிழ்ந்து, வந்தவர்களில் பெரியவர் நேராக அவளிடமே வந்தார். "நெட்வொர்க் எல்லாம் நீங்கதான் பாத்துக்கறீங்களாமே? ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று வலது கையை நீட்டினார். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக அவளைப் பார்த்தார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

சுசித்ரா சிரித்தாள். இடது கையை நீட்டினாள்.