அந்தக் கறுப்புப் படக்கதை

குயிலாப்பாளையத்தில் நான் ரூம் கூட்டும் கெஸ்ட் ஹவுஸில் யாரோ விட்டுப்போன தமிழ்ப் படக்கதைப் புத்தகம் அது. எத்தனையோ பேர் விட்டுப்போன அழுக்கை வாரிக் கொட்டியவள் நான். எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. இந்தப் புத்தகம் எனக்குக் குமட்டியது.

பதினாலு வயதுப் பெண்ணின் கதை. பக்கமெல்லாம் கறுப்பு மை. அவள் பருவைக் கிள்ளிச் சீழ் எடுக்கிறாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் காறித் துப்புகிறாள். அந்த எச்சில் வழிவதை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு வரைந்திருந்தார்கள். இதை எவன் உட்கார்ந்து வரைந்தான் என்று திட்டிக்கொண்டேதான் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன்.

அதை மரக்காணத்துக்கு, வீட்டுக்கு எடுத்து வந்ததுதான் தப்பு. உப்பளத்திலிருந்து வந்த அம்மா, காலைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தில் அந்தப் பெண் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொண்ட காலைத் தொட்டு, "பாவம், இதுவும் உப்பளத்துல எறங்குதா? யாராச்சும் எண்ணெ தடவச் சொல்லக் கூடாதா?" என்றாள்.

"உப்பளமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பதினாலு வயசுல திமிரு பிடிச்ச கழுதை. பெத்த அம்மாவைக் கண்டாலே அருவருப்பா இருக்குதாம் அவளுக்கு" என்றேன்.

அம்மா வெடித்த குதிகாலில் எண்ணெயை அழுத்தித் தேய்த்தாள்.

"ஸ்கூல் மீட்டிங்குக்கு இந்தக் காலோட வராதன்னு நீ சொன்னப்போ, உனக்கும் இந்த வயசுதான்" என்றாள்.