பூஜை போட்ட காற்று மெஷின்

எழுபதுகளில், மகாபலிபுரம் ரோட்டில் சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு முதலாளி நடத்திவந்த மிருகக் காட்சிச்சாலையில் நான் மீன் தொட்டிகளுக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். கடலிலிருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டார், அதை வடிகட்டும் மணல் தொட்டி, தண்ணீருக்குள் காற்றை ஊதும் மெஷின், இவை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சனங்கள் டிக்கெட் வாங்கி மீனைப் பார்ப்பார்கள். மெஷின் ஷெட் பக்கம் மூத்திரம் பெய்ய மட்டும் வருவார்கள்.

என்னோடு இன்னொருவன் முறைவைத்து வேலை செய்தான். நான் அச்சரப்பாக்கத்து வேதக்காரன், கிறிஸ்தவன். அவன் புதுப்பட்டினத்து இந்து. என் மதியச் சோறு பெரும்பாலும் அவன் டிபன் கேரியரிலிருந்துதான். அங்கே எனக்கிருந்த இன்னொரு உறவு, ஒரு களவா மீன். தொடைப் பருமன், எப்போதும் சண்டைக்கு வந்தவன் மாதிரி உர்ரென்ற மூஞ்சி. என் கை தண்ணீரில் பட்டால் வந்து முட்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதன்மேல் எனக்கு உயிர்.

ஆயுதபூஜைக்கு மோட்டாரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிடுவோம். மறுநாள் காலைதான் மறுபடி ஓடும். காற்று மெஷினுக்கு மட்டும் ஓட ஓடவே பொட்டு. பூசணிக்காய் உடைப்பது நான்தான். பொரியும் சுண்டலும் அள்ளித் தின்பதிலும் நான் யாருக்கும் சளைத்ததில்லை.

அந்த வருஷம் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துபோய், அவன் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். காற்று மெஷினை நிறுத்தாமல் போட்ட அரைகுறைப் பூஜையால் வந்த வினை என்று யாரோ அவன் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். பூஜையன்று காற்று மெஷினையும் நிறுத்தினான்.

"மச்சான், அத்த மட்டும் வுட்டுடு. மீனு செத்துடும்" என்றேன்.

"ஒரு நாளு ரெஸ்ட் குட்தா இன்னா ஆயிடும்? நீ வேற சாமி கும்புடறவன், உனுக்கு இது புரியாது."

ஷெட்டைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். வேற சாமி என்ற பேச்சு அதுவரை அவன் வாயில் வந்ததே கிடையாது. முதலாளியும் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கொஞ்சமாவது காற்று ஏறட்டும் என்று தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். தோள் விட்டுப்போனது. களவா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பொறுக்கமுடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். அவன் என்னை வாசலிலேயே நிறுத்தினான்.

"பூட்னது பூட்னதுதான். வுடியட்டும், வரேன்."

"அது மூச்சு முட்டிக்கினு கீதுடா!"

"சாமிக்கு வெச்சத எடுக்கச் சொல்றியா நீ?"

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிளைத் திருப்பினேன்.

பூட்டை உடைத்திருக்கலாமே என்பீர்கள். உடைத்திருந்தால் பூட்டை உடைத்தவன் என்றா சொல்வார்கள்? பூஜையைக் கெடுத்த வேதக்காரன் என்பார்கள். வேலையோடு போயிருக்காது.

சின்ன மீன்கள் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டன. விடியும்போது களவா வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அவன் வந்து பார்த்தான். பொய் சொல்லக்கூடாது, அவனுக்கும் கண் கலங்கியது. "இன்னா மச்சான் இப்டி ஆயிட்ச்சி" என்றான். பிறகு தொட்டுப் பார்த்து, "இப்பதான் போயிருக்கு, வீணாக்கக் கூடாது" என்று அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் மதியம் டிபன் கேரியரைத் திறந்து முதல் துண்டை என் தட்டில் வைத்தான். நல்ல நடுத்துண்டு.

"உனுக்குன்னே எட்த்து வெச்சேன். சாப்டு மச்சான்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவன் டிபன் கேரியரை மூடினான்.

"தெரியும்டா. பூஜ போட்ட வூட்டு சோறு உனுக்கு எறங்காது."

பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். மீன் எதனால் செத்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.