பெஞ்சில் முடிந்த உலா

அந்தப் பழைய ஓட்டலில் அவருக்கு 'வரலாறு' என்று பெயர். தங்க வருகிறவர்களைக் காலையில் கூட்டிப்போய் அருங்காட்சியகம், நாடக அரங்கம், பூங்கா மூன்றையும் சுற்றிக்காட்டி, நல்ல பசியோடு ஓட்டலுக்கே திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் உத்தியோகம்.

அன்று மேனேஜரும் கிளம்பி நின்றார்.

"காதுல மாட்டிக்கிட்டா அதுவே வழியும் கதையும் சொல்ற மெஷின் வந்திருக்காம். அதைவிட நீங்க என்ன கூடுதலா செய்யறீங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு."

"தாராளமா வாங்க சார்" என்றார் வரலாறு. வீட்டில் மனைவி வேறு, "வாயைக் கொடுத்து வேலையை விட்டுட்டு வராதீங்க. இந்த வயசுல உங்களை யார் சேர்த்துக்குவா?" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். வாயைக் கொடுப்பதுதான் அந்த வேலையே என்று விளக்க அவருக்கு என்றுமே தைரியம் வந்ததில்லை.

வந்திருந்தவர்கள் வயதான தம்பதி. அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது.

"கூரை ஒழுகுது. ஒரு மாசம் ஆகும்" என்றார் காவலாளி, ஏதோ நல்ல சேதி போல.

நாடக அரங்கத்தைத் தலையிலிருந்து கால்வரை பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள். "உள்ளே பன்னிரண்டு தூண். மனசால பாருங்க" என்றார் வரலாறு. பெரியவர் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பூங்காவில் சிலையைக் கழுவக் கொண்டுபோயிருந்தார்கள். மிஞ்சிய பீடத்தைப் பற்றியே வரலாறு தொண்டை வறளப் பேசினார்.

"தம்பி, முட்டி வலிக்குது. கொஞ்சம் உட்காரலாமா?" என்றார் அந்த அம்மாள்.

உலா வந்தவர்களை ஒருபோதும் உட்காரவைக்கக் கூடாது. உட்கார்ந்தவர் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. வழிகாட்டிகளின் முதல் சட்டம் அது. ஆனால் காட்டுவதற்குத்தான் இனி ஒன்றுமில்லையே. மரத்தடி பெஞ்சைக் கைகாட்டினார். அதைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அம்மாள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். பெரியவர் கேமராவைப் பைக்குள் வைத்தார். காற்று வந்தது. வரலாறு மட்டும் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பையன் மாதிரி எதிரே நின்றார்.

ஓட்டல் வாசலுக்குத் திரும்பியதும் அம்மாள் மேனேஜரிடம் சொன்னார்: "எத்தனையோ ஊர் சுத்தியிருக்கோம். இப்படி ஒரு நிம்மதி கிடைச்சதில்ல. நாளைக்கும் அந்த பெஞ்சுக்குத்தான் போகப்போறோம்."

வரலாற்றுக்கு உயிர் வந்தது. "நானே கூட்டிட்டுப் போறேன்மா."

"உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்? அதோ, இங்கிருந்தே தெரியுதே."

அவர்கள் உள்ளே போனதும் மேனேஜர் யோசித்தார். "மெஷின்கூட வேண்டாம் போல. நம்ம தோட்டத்துல நாலு பெஞ்சு போட்டா போதும்."

"எந்த இடத்துல போடணும்னு நான் காட்டறேன் சார்."

"அதுக்குத் தோட்டக்காரர் இருக்காரே" என்றார் மேனேஜர்.