அட்டையில் ஒட்டிய அடிபம்பு

எங்கள் வீட்டில் புத்தாண்டுக்கென்று ஆசைப்பட்டதையெல்லாம் படமாக வெட்டி ஒட்டியது ஒரே ஒரு வருஷம்தான். நான்கு படங்கள் ஒட்டினோம். அதில் ஒன்று அந்த வருஷமே பலித்தது. அது மட்டும் பலிக்காமல் போயிருந்தால் என் தங்கை இன்று நேராக நடந்துகொண்டிருப்பாள்.

அம்மா பால்வாடியில் ஆயா வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது, மூக்கைத் துடைத்துவிடுவது, பாய் விரித்துத் தூங்கவைப்பது. அங்கே டீச்சர் மாடு, வீடு, மாம்பழம் என்று படங்களை வெட்டிப் பெரிய தாளில் ஒட்டி மாட்டியிருப்பார். சார்ட்டு என்று அதற்குப் பெயர். தினமும் பார்த்தால் பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று டீச்சர் சொன்னது படிப்பைப் பற்றி. அம்மா அதைத் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டாள். எதைத் தினமும் பார்க்கிறோமோ அது வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மழையைப் பற்றிப் பேசிப் பேசியே ஊர் சலித்துப்போயிருந்த சமயம். மளிகைக் கடையில் புதுக் காலண்டர் கொடுத்த அன்று, தாளெல்லாம் கிழித்து முடிந்த பழைய அட்டையை அம்மா ஆணியிலிருந்து கழற்றினாள். முன்பக்கம் முருகன் படம். சாமி முகத்தில் பசை தடவக் கூடாது என்று அட்டையைத் திருப்பிப் போட்டாள். பால்வாடியிலிருந்து கொட்டாங்குச்சியில் மைதாப் பசை வந்திருந்தது.

"வர்ற வருசத்துக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒட்டி வச்சுத் தெனமும் பாத்தா நடக்கும்" என்றாள்.

அப்பா மானாவாரிக் காட்டில் கேழ்வரகு விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவர். "ஒட்டுனா வந்துருமா? அப்ப எனக்கு மழைய ஒட்டு" என்றார். மழைக்கு எங்கே போவது? அம்மா பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டி ஒரு குடை விளம்பரத்தை வெட்டி எடுத்தாள். "மழ வந்தாத்தான கொடை?" என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது அபூர்வம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

எனக்குப் பத்து வயது. பற்பசை விளம்பரத்திலிருந்து ஒரு பெண்ணின் வெள்ளைப் பல் வரிசையை வெட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கறை. கரியும் செங்கல் பொடியும் போட்டு ஈறு கிழியத் தேய்த்தாலும் போகாது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், "வாயத் தொறந்தாலே தெரியுதே எந்தப் பக்கத்து ஆளுங்கன்னு" என்பார்கள். பல் விளக்காத ஊர் என்று பெயர் வாங்கியிருந்தோம். நான் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வேன். இப்போதும் கை தானாகப் போகிறது.

தங்கைக்கு மூன்று வயது. ஒகேனக்கல் ஆற்றில் பரிசல் போகிற படத்தைப் பார்த்துவிட்டு, "கூடைக்குள்ள ஆளு! நானும் கூடைல உக்காரணும்" என்று பிடித்துக்கொண்டாள். ஒகேனக்கல் பஸ் எங்கள் ஊர்ச் சாலையில்தான் போகும். எண்ணெய்க் குளியலுக்குப் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம். அவ்வளவு பக்கத்தில் காவிரி இருந்தும் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. தண்ணீர் தூக்கவே பொழுது போதாதவர்களுக்குத் தண்ணீரை வேடிக்கை பார்க்க ஏது நேரம்?

அம்மா தனக்கென்று ஒட்டியது அடிபம்பு. குழாய்க் கம்பெனி நோட்டீஸில் இருந்த படம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள், குடம் நிரம்பி வழிகிறது. எங்களுக்குக் குடிதண்ணீர் ஊருக்கு வெளியே ஓடை மணலில் தோண்டிய ஊத்திலிருந்து வந்தது. கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்பி, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக மேடேற வேண்டும். கோடையில் ஊத்து வற்றினால் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். அம்மாவுக்குக் கழுத்து ஒருபக்கமாகத் திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள்.

அட்டையை, படங்கள் தெரியும்படி, ஆணியில் மாட்டினாள். முருகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அத்தை உப்பு வாங்க வந்தவள் பதறிப்போனாள். "ஏம்புள்ள, சாமியப் போயிச் செவத்தப் பாக்க வச்சிருக்கறயே, ஆவுமா?" அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையில் வறட்சி நிவாரணத்தில் போர் போடும் லாரி வந்தது. எங்கே போடுவது என்று பெரிய வீட்டு ஆட்கள் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றாள். "பால்வாடிக் கொழந்தைங்க இருக்குதுங்க. புள்ளைங்க குடிக்கற எடத்துல போடுங்க" என்று ஆபீசரிடம் சொன்னாள். ஆபீசரை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்குக் கழுத்து ஒத்துழைக்கவில்லை, ஆனால் நகரவுமில்லை. பாறையைக் குடைந்து குடைந்து ஆழத்தில் தண்ணீர் பீறிட்டது. பால்வாடிக்கு எதிரே, எங்கள் தெருமுனையில் பம்பு நின்றது. ஊரே அம்மாவைக் கொண்டாடியது. பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா, "சாமி திரும்பிக்கிட்டே குடுத்துருச்சு பாருங்க" என்றாள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. உப்பில்லை, நாற்றமில்லை. முதல் சொம்பை அம்மா தங்கைக்குத்தான் கொடுத்தாள். தங்கை கைப்பிடியில் தொங்கிக்கொண்டு எம்பி எம்பிக் குதித்துத் தண்ணீர் அடிப்பாள். அப்படிக் குதித்த கால்கள் அவை. பால்வாடியில் சொல்லிக்கொடுத்தபடி அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் அவளுக்குக் கொடுத்தாள். "நல்லாக் குடி கண்ணு. உனக்காகத்தான் கொண்டாந்தன்." பால்வாடிப் பிள்ளைகளுக்கும் அதே தண்ணீர், அதே கையால்.

தங்கை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் முழங்கால்கள் ஒன்றையொன்று இடிக்க ஆரம்பித்தன. முதலில் விளையாட்டுக்கு அப்படி நடக்கிறாள் என்று நான் திட்டினேன். பிறகு ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுதாள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் முழங்கால்கள் ஒட்டிக்கொண்டு பாதங்கள் விலகிவிட்டன. ஓடினால் விழுவாள். பிள்ளைகள் கத்தரிக்கோல் என்று கூப்பிட்டார்கள். நான் இரண்டு பேரை அடித்திருக்கிறேன். அடித்து என்ன ஆகப்போகிறது? அடுத்த வருஷம் அந்த இரண்டு பேரில் ஒருத்தனுக்கும் கால் வளைந்தது.

அம்மா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். சாமியைச் சுவர் பார்க்க வைத்த குற்றம். அன்றைக்கே அட்டையைத் திருப்பி மாட்டி, முருகனுக்குச் சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் படங்களெல்லாம் சுவர்ப் பக்கம் போயின. அதோடு விடவில்லை. இரண்டு பஸ் மாறித் தீர்த்தமலைக்குப் போய், மலைமேல் பாறையிலிருந்து விழுகிற தீர்த்தத்தைப் பாட்டிலில் பிடித்துவந்தாள். தினமும் காலையில் தங்கைக்கு ஒரு கரண்டி. மருந்து என்று ஒரு சொட்டுச் சிந்தாமல் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, மருந்து குடித்த வாய்க்கு என்று பின்னாலேயே ஒரு சொம்பு பம்புத் தண்ணீர்.

நல்ல தண்ணீரைக் கரண்டியில் அளந்து கொடுத்தோம், கெட்டதைச் சொம்பு சொம்பாக ஊற்றினோம்.

தர்மபுரிப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர்தான் அதைச் சொன்னார். தங்கையின் காலை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டு, "வாயத் தொறம்மா" என்றார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"போர்த் தண்ணிங்க. பம்புல வருதுங்க. காச்சித்தானுங்க குடுக்கறன்."

"அதுல ஒரு உப்பு இருக்கும்மா. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எலும்புல போயி உக்காந்துக்கும். காச்சுனா போவாது, இன்னும் கெட்டியாத்தான் ஆவும். ஆழமாத் தோண்டத் தோண்ட உங்க பக்கம் இதுதான் வருது. பெரியவளுக்குப் பல்லோட நின்னுருச்சு, சின்னதுக்குக் காலுக்கு வந்துருச்சு."

"இனிமே குடுக்கலீங்க. கால் நேராயிருமுங்களா?"

டாக்டர் தங்கையைப் பார்த்தார். "இதுக்கு மேல வளையாம பாத்துக்கலாம்" என்றார்.

நான் ஊத்துத் தண்ணீரிலும், கோடையில் மட்டும் கிணற்றுத் தண்ணீரிலும் வளர்ந்தவள். அவள் பம்புத் தண்ணீரில் வளர்ந்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் வித்தியாசம் அவ்வளவுதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையைச் சின்ன வயதில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அம்மா ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பம்புத் தண்ணியைக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். யார் கேட்டார்கள்? "தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" என்றார்கள். "நீதான லாரிய மறிச்சுக் கொண்டாந்த? இப்ப நீயே குடிக்காதங்கற. அப்ப ஊத்துக்கு யாரு போறது?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒருத்தியின் மகனும் பால்வாடியில் அம்மா கையால் தண்ணீர் குடித்தவன்தான். அவன் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எடுக்காமல் விட்டதுதான் அம்மாவை அதிகம் வாட்டியது.

மறுநாளிலிருந்து அம்மா பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். ஊத்து தூர்ந்துபோயிருந்தது. கையாலேயே மணலைத் தோண்டினாள். ஊரில் அவள் ஒருத்தி மட்டும், திரும்பாத கழுத்தோடு, எதிரே இருந்த பம்பைத் தாண்டிப் போய்த் தண்ணீர் தூக்கி வந்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பார்க்காதது போல இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அப்பா ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முருகன் முகத்தைப் பார்த்து, "நாலு ஒட்டுனம். எதக் குடுக்கறதுன்னு உனக்குத் தெரியலயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அட்டையை என் மடியில் வைத்துவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார். எனக்கும் கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த மாதிரிக் கோபம் தணிவதே இல்லை.

அம்மா அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். குடை மங்கிப்போயிருந்தது. என் வெள்ளைப் பல்லைக் கரையான் அரித்திருந்தது. அடிபம்பை நகத்தால் சுரண்டினாள். அவள் காய்ச்சிய மைதாப் பசை, லேசில் விடவில்லை. குடம் போனது, குழாய் போனது. சிரித்துக்கொண்டு நின்ற பெண்ணின் கை மட்டும் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பரிசல் மேல் விரலை வைத்தாள்.

"இத மட்டும் கிழிக்காதம்மா."

அந்தப் பொங்கல் முடிந்து நாங்கள் நான்கு பேரும் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினோம். சாலையில் நின்று பார்த்த பஸ்ஸின் ஜன்னலோரத்தில் தங்கை உட்கார்ந்தாள். இறங்கியதும் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் வைத்திருப்பதை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீன் வறுக்கிற கடைகளைத் தாண்டி, படியிறங்கி, பரிசல்காரரிடம் போனோம். அவர் அவளை இரண்டு கையாலும் வாங்கி, கால்களைப் பார்த்துவிட்டு நடுவில் உட்காரவைத்தார். "கூடைல உக்காந்துட்டன்" என்றாள் தங்கை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பல்லும் காவியாகத்தான் இருந்தது.

இரண்டு பக்கமும் பாறை. நடுவில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். தங்கை கையை விட்டு அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். பழக்க தோஷத்தில் அம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே விட்டுவிட்டாள்.

"குடி கண்ணு. இது நல்ல தண்ணி. குடி."

தங்கை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"இத்தன தண்ணி இங்கயேதான் இருந்துச்சாம்மா?"

அம்மா உடம்போடு திரும்பி, குனிந்து, இரண்டு கையாலும் ஆற்றுத் தண்ணீரை அள்ளி அவள் முழங்கால்களில் ஊற்றினாள். மறுபடி அள்ளினாள், மறுபடி ஊற்றினாள். பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "எக்கா, நடுவுல உக்காருங்கக்கா, கவுந்துரும்" என்றார் பரிசல்காரர். அம்மாவுக்கு அது கேட்கவே இல்லை.